பத்துச் சென்ரிமீற்றர்

வரைபடத்தில் மதகு ஆறு மீற்றர்.
வேலணையில் நான் கட்டியது
ஆறு மீற்றரும் பத்துச் சென்ரிமீற்றரும்.

அந்தப் பத்தைப் பற்றித்தான்
கச்சேரி இரண்டாம் மாடியில்
மூன்றாம் தடவையாகக் கேட்கிறார்கள்:
யாருடைய கட்டளை?

கிடங்கு வெட்டிய அன்று
பெக்கோவின் பல்லு சுண்ணக்கல்லை உடைத்துக்கொண்டு
உள்ளே இறங்கிவிட்டது. கீழே ஒரு வாய்.
அருளப்பு மேசன் கல்லொன்றைப் போட்டுக் காது கொடுத்தான்.
மூன்று எண்ணுமுன் தண்ணிச் சத்தம்.
"அக்கா, இதுக்கு மேல கட்டினா
முதல் மாரிக்கே எல்லாம் கீழ போயிரும்."
கொழும்பில் கீறிய வரைபடத்தில்
இந்த நிலத்துக்கு வாயே இல்லை.

ரீ.ஓ. லீவில் நின்றார். போன் எடுத்தேன்.
பின்னால் கலியாணவீட்டு மேளம்.
"தள்ளிப் போடுங்கோ அக்கா, பிறகு பாப்பம்."

அந்தப் பிறகு
இப்போது மொனராகலையில் வேலை செய்கிறது.

எழுத்தில் இல்லாத கட்டளை
கட்டளையே இல்லை என்கிறது ஒப்பந்தம்.
ஏழு நாளைக்குள் எழுதி வாங்கியிருக்க வேண்டுமாம்.
அந்த ஏழு நாளும் நான்
சாக்கு விரித்து
கொங்கிறீற்றுக்குத் தண்ணி விட்டுக்கொண்டிருந்தேன்.

கையெழுத்து வைத்த கிழமை சீமெந்து ஒரு விலை.
மேல்தட்டுப் போட்ட கிழமை அதன் மூன்று மடங்கு.
விலைத் தளம்பலுக்குக் கொடுப்பனவு இல்லை:
இது நாற்பத்தோராம் பக்கப் பின்னிணைப்பு, சிங்களத்தில்.
"தமிழ்ப் பிரதி பின்னர் அனுப்பப்படும்" என்பது மட்டும்
நல்ல தமிழில் இருந்தது.

மணல் பெர்மிட் வர நாற்பத்தாறு நாள்.
பிந்தியதற்குத் தண்டம்
அதே நாற்பத்தாறு நாளுக்கு.
பெர்மிட் தருகிற அரசாங்கத்துக்கு
தண்டம் எடுக்கிற அரசாங்கத்தைத் தெரியாது.
ஒன்றிலிருந்து மற்றதுக்குக் கடிதம் போக
நடுவில் நான் கிடக்கிறேன்,
மதகு மாதிரி.

லோயர் செல்வநிதி கோவையைப் புரட்டிவிட்டுச் சொன்னா:
"நடுத்தீர்ப்புக்குப் போகலாம், திலகேஸ்வரி.
வெல்லவும் கூடும்.
அதுக்குக் கட்டுற காசு
அவை மறிச்சு வைச்ச காசை விடக் கொஞ்சம் கூட."
பிறகு பிளேன்ரீ தந்தா. அதுக்குக் காசு எடுக்கேல்லை.

கணக்காய்வுப் பொடியனைக் குறை சொல்ல மாட்டேன்.
சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு
சேற்றில் முழங்கால் குத்தி
தானே நாடா பிடித்து அளந்தவன்.
இரண்டு தரம் அளந்தான். இரண்டு தரமும் பத்து.
"நீங்கள் கட்டினது சரி" என்றான் மெல்ல,
"நான் அதைச் சரியெண்டு எழுதினா
என்னைக் கேப்பினம்."
அவனும் ஒரு கையெழுத்துக்குப் பயந்துதான்
சீவிக்கிறான்.

பிணைமுறியை மூன்று மாதத்துக்கொருக்கால் நீட்டுகிறேன்.
வங்கி கொமிசன் எடுக்கிறது.
அதே வங்கியில், வேறொரு யன்னலில்,
என் இரண்டு சோடிக் காப்பு.

கார்த்திகையில் மூன்று நாள் விடாத மழை.
குடையோடு போய் நின்று பார்த்தேன்.
குறைபாட்டுப் பொறுப்புக் காலம் முடிய இன்னும் பதினொரு நாள்;
ஒரு வெடிப்புக் கண்டாலும் என் தலையில்.
வெள்ளம் வந்தது,
ஒருவரிடமும் அனுமதி கேளாமல்
கீழால் போனது.
மேலால் ஊர்காவற்றுறை பஸ்.
பக்கச்சுவரில் ஒரு ஆடு
நனையாத பக்கமாகப் பார்த்து நின்றது.
வெடிப்பு இல்லை.
வெடிப்பு இல்லை என்பதற்கு
கோவையில் படிவம் எதுவும் இல்லை.

இன்று புதன். இன்னொரு ரெண்டர்.
சுழிபுரத்தில் அரைக் கிலோமீற்றர் வாய்க்கால்.
மணி ஒன்று ஐம்பத்தாறு. இரண்டுக்குப் பெட்டியைப் பூட்டிவிடுவார்கள்.
விலையெல்லாம் எழுதியாயிற்று, முத்திரை ஒட்டியாயிற்று.
ஒன்பதாம் கேள்வி மட்டும் வெறுமை:

அரச நிறுவனம் எதனுடனும்
உமக்குப் பிணக்கு உண்டா?
ஆம் / இல்லை.
பொருத்தமற்றதை வெட்டிவிடுக.

ஆம் என்றால் கடிதஉறையே திறபடாது.
இல்லை என்றால் பொய்,
பொய்க்குக் கறுப்புப் பட்டியல்.
பேனையின் மூடியைக் கழற்றுகிறேன், போடுகிறேன்.

பக்கத்தில் நிற்கிற சங்கானைக் கொந்தராத்துக்காரர்
தன் படிவத்தை நெஞ்சோடு மறைத்துக்கொண்டு
என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்க்கிறார்.
"தங்கச்சி, ஒன்பதாவதுக்கு
நீங்கள் எதை வெட்டினனீங்கள்?"